அப்பா விட்டுப்போன 340 பழைய காமிக்ஸ்: தரம் பார்ப்பது எப்படி, விற்பது எப்படி?

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன ஆவணியில் தவறிப்போனார். பாளையங்கோட்டை வீட்டை விற்றாயிற்று, பொங்கலுக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். மச்சில் இருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளைப் போன வாரம் இறக்கினோம். ஒன்றில் பித்தளைப் பாத்திரம், இன்னொன்று முழுக்கக் காமிக்ஸ். எண்ணிப் பார்த்தால் 340 வருகிறது. முத்து காமிக்ஸ் தான் அதிகம், அப்புறம் லயன், திகில், ராணி காமிக்ஸ், ஆங்கிலத்தில் இந்திரஜால் காமிக்ஸ் ஒரு ஐம்பது. சின்ன வயதில் அந்தப் பெட்டியைத் தொட்டாலே அப்பா கூப்பிட்டு உட்கார வைத்து, கை கழுவச் சொல்லி, பிறகுதான் ஒன்று எடுத்துக் கொடுப்பார். அதனால் இதை என்ன செய்வதென்று முடிவெடுக்கவே கை வரவில்லை.

நிலைமை இப்படி இருக்கிறது. பாதிக்கு மேல் அட்டையோடு இருக்கின்றன, ஆனால் தாள் நன்றாகப் பழுத்துவிட்டது. சிலவற்றில் தாளைச் சேர்த்து அடித்த கம்பிப் பின் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளே காவி நிறமாகிவிட்டது. ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகங்கள் ஒரு இருபது இருக்கும். 60 புத்தகங்களை அப்பா பத்துப் பத்தாகச் சேர்த்து காலிகோ துணி போட்டு பைண்ட் செய்து வைத்திருக்கிறார். நிறையப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் அவர் பெயரும் வாங்கிய தேதியும் பேனாவில் எழுதியிருக்கிறது. சிலவற்றில் ஏதோ வாடகை நூலகத்து முத்திரை.

உள்ளூரில் பழைய புத்தகம் எடுக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக 4,000 ரூபாய் தருகிறேன், இன்றே எடுத்துக்கொள்கிறேன் என்றார். தம்பியோ, ஒரே ஒரு முத்து காமிக்ஸே ஆயிரக்கணக்கில் போகிறது, கொடுக்காதே என்கிறான். சித்தி வெயிலில் காயப்போட்டு, கிழிந்ததற்கெல்லாம் செல்லோடேப் ஒட்டிவிட்டு விற்கச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் அமெரிக்காக்காரர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். அது நம் புத்தகங்களுக்குப் பொருந்துமா? பைண்டைப் பிரித்துவிடலாமா? யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழுத்த_தாள் எழுதியது:

சகோதரி, அப்பாவுக்கு அஞ்சலி. அவர் கை கழுவச் சொன்னது மிகச் சரி. 35 வருடமாகச் சேர்ப்பவன் என்ற உரிமையில் முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியில் நாற்பது வருடம் தாங்கிய புத்தகம் வெளியே வந்த முதல் வாரத்தில்தான் அதிகம் சேதமாகிறது.

வெயில் வேண்டவே வேண்டாம். இவை செய்தித்தாள் ரகக் காகிதத்தில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும், தாளில் அமிலம் ஏறும், பிறகு திருப்பும்போதே ஓரம் பொடிப்பொடியாக உதிரும். ஒரு பகல் முழுக்க வெயிலில் போட்டால் அட்டையின் சிவப்பும் மஞ்சளும் வேறு வெளிறிப்போகும். நிழலில், ஃபேன் நேராக அடிக்காத அறையில், பழைய பருத்தி வேட்டி விரித்து இரண்டு நாள் பரப்பி வையுங்கள், போதும்.

செல்லோடேப்பைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அதன் பசை கொஞ்ச வருடத்தில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கும், டேப் மட்டும் காய்ந்து உதிர்ந்துவிடும், கறை என்றைக்கும் போகாது. கிழிந்த புத்தகம் கிழிந்த புத்தகமாகவே இருந்தால் வாங்குகிறவர் ஏற்றுக்கொள்வார். டேப் ஒட்டியதைப் பார்த்தால் கையில் எடுக்கவே யோசிப்பார். ரப்பர் போட்டுப் பெயரை அழிப்பது, துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிப் புதுப் பின் அடிப்பது, அட்டையை இஸ்திரி போட்டு நிமிர்த்துவது, இவையும் அதே கணக்குதான். பூச்சி அடித்த இருபதையும் இன்றைக்கே தனியாக எடுத்து, மற்றவற்றோடு சேராமல் வேறு அறையில் வையுங்கள். அந்துருண்டை புத்தகத்தின் மேல் நேராகப் படக்கூடாது. நம் பாட்டிமார் ஏட்டுச்சுவடிக்கு வைத்த வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தால் போதும்.

அடுத்தது பட்டியல். ஒரு நீளமான நோட்டு எடுத்து, ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி. பதிப்பகம், இதழ் எண், தலைப்பு, மாதம் வருடம், அச்சிட்ட விலை, அட்டை இருக்கிறதா, பக்கம் முழுசா. கடைசியாகச் சொன்னதுதான் உயிர். பின் துருப்பிடித்துத் தளர்ந்தால் முதலில் கழன்று விழுவது நடுத்தாள். நடுத்தாள் போனால் நான்கு பக்கம் போயிற்று, அதுவும் கதையின் சரியான இடத்தில். மேலே இருந்து பார்த்தால் புத்தகம் முழுசாகத்தான் தெரியும். நானே 20 வருடம் முன்பு ஒரு கடையில் ஆசைப்பட்டு வாங்கிய புத்தகத்தை வீட்டில் வந்து பிரித்தபோது 32க்கு அடுத்து 37 வந்தது. அன்றையிலிருந்து ஒவ்வொரு பக்க எண்ணையும் விரலால் தொட்டு எண்ணாமல் நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை.

340க்கும் இதைச் செய்ய உங்களுக்குப் பத்து நாள் ஆகும். செய்து முடிக்காமல் யாருக்கும் விலை சொல்லாதீர்கள்.

கடல்தாண்டி எழுதியது:

அமெரிக்க முறையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் இருப்பது நியூஜெர்சி, இரண்டு பக்கமும் சேர்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இங்கே 10 தான் உச்சம். 9.8 என்றால் அச்சகத்திலிருந்து இப்போதுதான் வந்தது போல, உற்றுப் பார்த்தால்தான் குறை தெரியும். 8 என்றால் மிக நன்று, 6 என்றால் நன்று, படித்திருக்கிறார்கள் ஆனால் பார்த்துப் படித்திருக்கிறார்கள். 4 என்பது நன்றாகப் புழங்கிய புத்தகம், முதுகில் மடிப்புக் கோடுகள், மூலை மழுங்கல். 2 என்றால் நைந்தது, ஆனால் கதை முழுசாக இருக்கும். 1க்குக் கீழே என்றால் ஏதோ குறைகிறது என்று பொருள். தாளின் நிறத்தைத் தனியாகக் குறிப்பார்கள்: வெள்ளை, வெள்ளைக்குச் சற்றுக் குறைவு, பாலேடு நிறம், பழுப்பு, கடைசியாக நொறுங்கும் நிலை. 2000ஆம் ஆண்டு முதல் சிஜிசி என்ற நிறுவனம் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரை வைத்துத் தருகிறது. யாராவது நிறம் தீட்டியோ கிழிசலை ஒட்டியோ சரிசெய்திருந்தால் ஊதா நிறச் சீட்டு வைத்துவிடுவார்கள். சாதாரணமாக வருவது நீலச் சீட்டு. ஊதாச் சீட்டு விழுந்தாலே விலை நன்றாக இறங்கிவிடும். சரிசெய்யப் போய் விலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதுதான் பழுத்த_தாள் ஐயா சொன்னதும்.

மார்க்குக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில், விலை 10 சென்ட். 9.0 மார்க் வாங்கிய ஒரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலருக்குப் போனது. கதைக்காக அந்தப் பணம் இல்லை, கதை எத்தனையோ முறை மறுபதிப்பாகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாளை எல்லாம் திரட்டிக் கூழாக்கினார்கள், மிச்சம் இருந்ததைப் பிள்ளைகள் கிழித்தார்கள், அதையும் தாண்டி ஒரு பிரதி அப்படியே நின்றது என்பதற்காகத்தான். நம் ஊரிலும் அதே கதைதான். எடைக்குப் போட்டது, சுண்டல் மடித்தது, 1985இல் சென்னை மூர்மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளோடு சேர்ந்து போனது. மிஞ்சியதற்குத்தான் மதிப்பு.

ஆனால் உங்கள் புத்தகங்களைச் சிஜிசிக்கு அனுப்ப நினைக்காதீர்கள். போக வரத் தபால் செலவு, காப்பீடு, கட்டணம் எல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகாது. தவிர, தமிழ் காமிக்ஸ் வாங்குகிறவர் உறையைப் பிரித்துப் படிக்கிறவர், மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக்கை வைத்து அவர் என்ன செய்வார்? அந்த மார்க்கை விட்டுவிட்டு ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை, முதுகு, பின், தாள் நிறம், பக்கம், எழுத்து, பூச்சி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவது. மொத்தத்தில் ஐந்து தட்டாகப் பிரித்தால் போதும்: மிக நன்று, நன்று, புழங்கியது, நைந்தது, குறையுள்ளது. இரண்டு தட்டுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் கீழ்த்தட்டில் வையுங்கள். எதிர்பார்த்ததைவிட நல்ல புத்தகம் கைக்கு வந்தவர் அடுத்த பட்டியலுக்கும் உங்களிடம்தான் வருவார்.

பொருநைக்கரை எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அண்ணா. சித்தியிடமிருந்து டேப்பை வாங்கி வைத்துவிட்டேன். பைண்ட் செய்த ஆறையும் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில்தான் மிகப் பழைய முத்து காமிக்ஸ் இருக்கிறது, ஒன்றிரண்டில் 1973 என்று போட்டிருக்கிறது.

சிவகாசி_வாசகன் எழுதியது:

1973 என்றால் முத்து காமிக்ஸ் தொடங்கி இரண்டாவது வருடம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடுதான் சிவகாசியிலிருந்து தொடங்கினார்கள். நானாக இருந்தால் பைண்டைப் பிரித்துவிடுவேன் அக்கா. தனித்தனிப் புத்தகமாக வைத்தால்தான் சேகரிப்பாளர் வாங்குவார். பிளேடால் நூலை அறுத்து மெதுவாக எடுத்தால் வந்துவிடும்.

பழுத்த_தாள் எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே, இதில் நான் முழுக்க மாறுபடுகிறேன். சகோதரி, தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

நம் ஊர் பைண்டர் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் புத்தகத்தையும் அடுக்கி, முதுகோரம் ஊசியால் துளை போட்டுப் பக்கவாட்டில் தைப்பார், முதுகில் மைதாப் பசை தடவுவார், கடைசியாக மூன்று பக்கமும் கத்தியில் வைத்து ஒரு நறுக்கு. நறுக்கியது நறுக்கியதுதான். நூலை அறுத்தாலும் ஓரம் திரும்பி வராது, துளை மூடாது. பசையிலிருந்து அட்டையை உரிக்கும்போது முதுகுத் தோல் பாதி பைண்டோடு போகும். கடைசியில் உங்கள் கையில் இருப்பது, அளவு குறைந்து, ஓட்டை விழுந்து, முதுகு உரிந்த பத்துப் புத்தகங்கள். இப்போது இருப்பதோ, பிறகு எவரும் கலைக்காத, பத்தும் வரிசையாக நிற்கும் ஒரு பைண்ட். அதற்கென்றே ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த மைதாப் பசைதான் ராமபாணத்துக்கும் பிடிக்கும், அதனால் பைண்டின் முதுகைக் கட்டாயம் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே அட்டைகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், சில பைண்டர்கள் அட்டையைக் கிழித்துவிட்டுத் தைப்பார்கள். அட்டையோடு உள்ள 1973 பைண்ட் என்றால் அது வேறு விலை.

இன்னொன்று. பழைய முத்து, லயன் கதைகள் பல பிறகு மறுபதிப்பாக வந்திருக்கின்றன, காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு வரிசை வந்தது. தலைப்பை மட்டும் பார்த்து முதல் பதிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அச்சிட்ட விலையையும், பின்னால் வரும் அடுத்த இதழ் விளம்பரத்தையும் பாருங்கள். புத்தகத்தில் தேதி கிழிந்திருந்தாலும் அடுத்த வெளியீடு என்று எந்தக் கதையைப் போட்டிருக்கிறான் என்பதை வைத்து இதழைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் காலத்து விளம்பரப் பக்கத்துக்கு அந்த உபயோகம் உண்டு.

சிவகாசி_வாசகன் எழுதியது:

மைதாப் பசை விஷயம் எனக்குத் தோன்றவில்லை சார். அக்கா, நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

தெருவோரக்கடை எழுதியது:

விற்பது பற்றி நான் சொல்கிறேன். சென்னை லஸ் முனையிலும் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலும் பழைய புத்தகம் வாங்கி வாங்கி, இப்போது ஆறு வருடமாக இணையத்தில் விற்கவும் செய்கிறேன்.

4,000 சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு எதுவும் பார்க்காமல் மொத்தமாக எடுக்கும் விலை அது, எதில் பக்கம் இல்லை என்று அவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு புத்தகத்துக்கு 12 ரூபாய் கூட வரவில்லை. பட்டியல் போடாமல் கொடுத்தால் அதுதான் விலை. அமெரிக்காவில் ஓவர்ஸ்ட்ரீட் என்று ஒரு விலைக் கையேடு 1970 முதல் வருகிறது, பார்த்துச் சொல்லிவிடலாம். நமக்கு அப்படி எதுவும் இல்லை. தம்பி சொன்ன ஆயிரக்கணக்கு எங்கே வரும் என்றால், ஒரே புத்தகத்தை இரண்டு பேர் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்து, இரண்டு பேரும் ஒரே நாளில் பார்த்தால் வரும். அதை வைத்து 340க்கும் பெருக்கிவிடக் கூடாது. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை, விற்று முடிந்த விலைதான் விலை.

உங்கள் பெட்டியில் எனக்குத் தோன்றும் வரிசை இது. எழுபதுகளின் முத்து, அட்டையோடு முழுசாக இருந்தால் தனித்தனியாக ஏலம் விடுங்கள். லயன் 1984 ஜூலையில் வந்தது, முதல் இரண்டு மூன்று வருடத்து இதழ்களையும் கோடை மலர், தீபாவளி மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்களையும் தனியாக எடுத்து வையுங்கள், அந்தத் தடித்த புத்தகங்கள் முதுகு உடையாமல் கிடைப்பது கஷ்டம். திகிலும் தனியாகவே போகும். ராணி காமிக்ஸும் அதே 1984 ஜூலைதான், 2005 வரை வந்தது, ஊர் ஊராகப் பெட்டிக்கடை வரை தொங்கியது, அதனால் பிற்கால இதழ்களை ஒன்றொன்றாக விற்கப் பார்த்தால் தபால் செலவுதான் மிஞ்சும். 25, 30 என்று தொடர் எண்ணாகக் கட்டி விற்றுவிடுங்கள். இந்திரஜாலுக்கு தமிழ்நாட்டுக்கு வெளியேதான் ஆள் அதிகம், வடக்கே வங்காளம் வரை வாங்குவார்கள். 1964இல் தொடங்கி 1990 வரை வந்தது, முதல் 32 இதழும் வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) கதைதான், அதில் ஒன்று இருந்தாலும் தனியாக எடுங்கள். 123, 124 எண்கள் உங்களிடம் இல்லையே என்று தேடாதீர்கள், வேலைநிறுத்தத்தால் அந்த இரண்டும் வெளிவரவே இல்லை. பிற்கால இதழ்களில் வரிசை எண் இருக்காது, தொகுதி இத்தனை இதழ் இத்தனை என்றுதான் இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள்.

படம் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல். முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுத்தாள், அப்புறம் எது மோசமோ அது. மோசமானதை முதல் படமாகவே போடுகிறவன் நான், அதனால் இந்த ஆறு வருடத்தில் ஒரு புத்தகமும் என்னிடம் திரும்பி வரவில்லை. கலர் ஜெராக்ஸ் அட்டை போட்டு வைத்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விற்பது திருட்டு. உள்ளே இருப்பதை ஸ்கேன் செய்து அனுப்பு, பணம் தருகிறேன் என்று யாராவது கேட்பார்கள், காப்புரிமை நம்முடையது இல்லை, செய்யாதீர்கள்.

பணம் விஷயத்தில் ஒன்று மறக்காதீர்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எந்த க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, யுபிஐ பின் நம்பர் போடவும் தேவையில்லை. பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள், வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். புத்தகத்தை பாலித்தீன் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய அட்டை வைத்து, அட்டையோடு அட்டையை ஒட்டுங்கள். டேப் புத்தகத்தின் மேலோ உறையின் வாய்க்கு அருகிலோ வரக்கூடாது, பிரிக்கும்போது அட்டைப்படத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பொங்கலுக்குள் வீட்டைத்தான் காலி செய்ய வேண்டும், புத்தகத்தை இல்லை. பெட்டி உங்களோடு வரட்டும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டித்தான் நடக்கும், பட்டியலின் நகலோடு வாருங்கள். லயன்-முத்து அரங்குக்கு வருகிற வாசகர்களிடம் அரை மணி நேரம் பேசினால் எதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது முடியாவிட்டால் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, அங்கேயும் இந்த வாசகர்கள் கூடுவார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

பதினோரு நாள் ஆயிற்று, பட்டியல் முடிந்தது. 340 இல்லை, 337. மூன்று புத்தகங்கள் வெறும் அட்டையாக இன்னொன்றுக்குள் செருகியிருந்தன. 41 புத்தகத்தில் பக்கம் குறைகிறது, அதில் 29 நடுத்தாள்தான், ஐயா சொன்னது அப்படியே. ஐந்து தட்டில் பிரித்ததில் மிக நன்று என்று மனசாரச் சொல்லக்கூடியது 18 தான், பெரும்பகுதி புழங்கியது. பைண்ட் ஆறில் நான்கில் அட்டைகள் இருக்கின்றன. 4,000காரரிடம் இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். அப்பா பெயர் எழுதிய புத்தகங்கள் 112. அது விலையைக் குறைக்குமா? குறைக்கும் என்றாலும் அழிக்கப் போவதில்லை. எழுதி வைக்க வேண்டுமே என்பதற்காகக் கேட்கிறேன். 1984 தீபாவளி மலரில் பெயருக்குக் கீழே, சம்பளத்தில் வாங்கிய முதல் புத்தகம் என்று எழுதியிருக்கிறார். அதை விற்க மாட்டேன்.

கடல்தாண்டி எழுதியது:

சின்ன எழுத்தாக உள்பக்கத்தில் இருந்தால் பெரிதாகக் குறையாது அக்கா. இங்கேயும் பேனாவில் தேதி போட்ட பழைய பிரதிகளுக்கு நல்ல மார்க் விழுந்திருக்கிறது. அட்டையில் கதாநாயகன் முகத்தின் மேல் எழுதியிருந்தால்தான் ஒரு தட்டு இறக்க வேண்டும். முதல் பக்கத்தில் உரிமையாளர் பெயரும் வாங்கிய தேதியும் நீல மையில் என்று எழுதி, ஒரு படமும் போடுங்கள். 112 புத்தகத்திலும் ஒரே கையெழுத்து என்றால், ஒரே வீட்டில் ஒரே ஆள் வாங்கி வைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. சிலர் அதற்காகவே கேட்பார்கள்.

பழுத்த_தாள் எழுதியது:

அந்தத் தீபாவளி மலரை மற்றவற்றோடு பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள் சகோதரி. தனியாக ஒரு பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, படுக்கை வசத்தில், இருட்டான அலமாரியில். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பட்டியலை இங்கே போடும்போது 1975 வரை உள்ள முத்துவின் எண்களை முதலில் போடுங்கள், எனக்கு அதில் நான்கு எண் குறைகிறது.